சங்கு ஊதாத ஆட்டம்

பம்பு கம்பெனியில் கடைசல் பிரிவு என்றால் பன்னிரண்டு லேத்துகள், இரண்டு வரிசை. ஜன்னல் பக்க வரிசையில் நாலாவது லேத்தில் நிற்கிறவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் கேட்டில் நிற்கும் காவலாளி முதல் கேன்டீனில் தட்டு கழுவும் அம்மா வரை அத்தனை பேர் வாயிலும் அவர் 'முக்காக்கிணறு'தான்.

அரைகுறையாக ஒரு காரியம் செய்தவனைப் பாதிக் கிணறு தாண்டினவன் என்று உலகம் சொல்லும். இவர் பாதியோடு நிற்கிற ஆள் இல்லை. முக்கால்வாசி தாண்டி, எதிர்க்கரை கட்டைவிரலுக்கு எட்டுகிற நேரத்தில் விழுகிறவர். இந்த நுணுக்கமான வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது வேறு யாரும் இல்லை, அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அதே கம்பெனியில் வார்ப்படப் பிரிவில் வேலை. செஸ் குழுவுக்குக் கேப்டன். இருவரும் முதலில் கூட வேலை பார்த்தவர்கள், பிறகுதான் சொந்தம். ஆகவே பெயர் வைக்கும் உரிமை தனக்கு இரண்டு வழியிலும் உண்டு என்பது மச்சானின் கட்சி.

பெயர் வந்தது செஸ்ஸால். செஸ் வந்தது மதியச் சாப்பாட்டு இடைவேளையால்.

கேன்டீனுக்குப் பின்னால் பழைய உதிரிபாக அறை ஒன்று இருந்தது. அதில் இரண்டு இரும்பு மேஜைகள். பெயின்ட் பிரிவுக்காரர்கள் மிச்சப் பெயின்டில் அவற்றின் மேல் கட்டம் போட்டிருந்தார்கள். கம்பெனி பம்புகளின் நிறம் நீலமும் சாம்பலும் என்பதால் அங்கே செஸ் பலகையும் நீலமும் சாம்பலும்தான். பன்னிரண்டு இருபதுக்கு இடைவேளை. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்குக் காய் அடுக்கினால், ஒரு மணிக்கு வேலைக்குக் கூப்பிடும் மின்சங்கு ஊதிவிடும். அரை மணி நேரத்தில் எந்த ஆட்டம் முடியும்? அதற்காக அந்த அறைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சங்கு ஊதியதும் இருவரும் கையைத் தூக்கிவிட வேண்டும். பலகையில் மிச்சமிருப்பதை எண்ண வேண்டும். ராணிக்கு ஒன்பது, யானைக்கு ஐந்து, குதிரைக்கும் பிஷப்புக்கும் மூன்று, சிப்பாய்க்கு ஒன்று. யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார்.

இருபது வருஷமாக இந்தச் சட்டம். ஆகவே அந்த அறையில் ராஜா சாவது ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை. ராஜாவை மூலையில் ஒளித்து வைத்துவிட்டு, கையில் கிடைத்ததை வாரிச் சுருட்டுவதுதான் ஆட்டம். இதில் கடைசல்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. கடிகாரத்தைப் பார்க்காமலே அவருக்கு மணி தெரியும். பன்னிரண்டு ஐம்பத்தொன்பதே முக்காலுக்குத் தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் யானையை வெட்டுவார். திருப்பி வெட்ட எதிராளி கை நீட்டும்போது சங்கு ஊதும்.

"கைய எடு. எண்ணு," என்பார்.

"இது ஆட்டமா, ஜேப்படியா?" என்று வழக்கமாக எதிரே உட்காரும் பொருத்தும் பிரிவுக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். கேட்டுவிட்டு எண்ணவும் செய்வார். சட்டம் சட்டம்தான்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்குள் செஸ் போட்டி நடக்கும். கம்பெனிக்கு நாலு பேர், நாலு பலகை. முதல் பலகையில் உட்காருகிறவர்தான் குழுவின் முகம். மேஜையில் '1' என்று அட்டை வைத்திருக்கும். எதிர்க் கம்பெனியின் பெரிய ஆள் அங்கேதான் வருவார். அந்த நாற்காலி கடைசல்காரருக்குக் கொடுக்கப்பட்டபோது மறுபேச்சு எழவில்லை. அவருக்கும் வருஷம் முழுக்க அந்த ஒரு நாள்தான் நாள். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் தண்டுகள், எண்ணெய், சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டை, எதிரே கை குலுக்க ஒரு ஆள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க பத்துப் பேர்.

ஆனால் அங்கே சங்கு கிடையாது. ஆட்டம் முடிகிற வரை ஆட்டம்.

முதல் வருஷம் டயர் கம்பெனிக்காரரோடு கடைசி ஆட்டம். இவரிடம் ராஜாவும் ராணியும். அவரிடம் மூலையில் ஒட்டிக்கொண்டு ஒற்றை ராஜா. இந்த நிலையில் காயை வைத்து இவர் வாழ்நாளில் ஆடியதில்லை. உதிரிபாக அறையில் இதற்கு வெகு முன்பே சங்கு ஊதியிருக்கும். ராணியை இன்னும் ஒரு கட்டம் நெருக்கி வைத்தார். எதிராளி பலகையைப் பார்த்தார், கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார்.

"செக் இல்ல. நகர இடமும் இல்ல. ஆட்டம் சமம்," என்றார் நடுவர்.

"சார், எங்கிட்ட ராணி இருக்கு. அவர்கிட்ட ஒண்ணுமே இல்லயே."

"ஒண்ணுமில்லாதவர அசையக்கூட விடல நீங்க. அதனாலதான் சமம்."

இந்தத் தீர்ப்பை மச்சான் கடைசி வரை ஏற்கவில்லை. "ஒன்பதுக்கு சைபர் சமம்னா, எனக்கும் நம்ம முதலாளிக்கும் சொத்து சமம்தான்," என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் வருஷம் பாட்டில் கம்பெனி. இவர் இரண்டு சிப்பாய் அதிகம் வைத்திருந்தார். பெரிய காய்கள் எல்லாம் போய்விட்டன. ராஜா வெளியே வந்தால் அடிக்க ஆளே இல்லை. இருந்தும் பழக்கதோஷம், தன் ராஜாவை மூலையிலேயே வைத்திருந்தார். எதிராளியின் ராஜா நடுவுக்கு நடந்து வந்து சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றது. மிஞ்சியது ஒரே ஒரு சிப்பாய். அதையாவது ராணியாக்கிவிடலாம் என்று அவசர அவசரமாகத் தள்ளினார். சிப்பாய் முன்னால் ஓடியது, ராஜா பின்னால் மூச்சிரைக்க வந்தது. எதிராளி ராஜாவை வாசலில் நிறுத்தி வழியை அடைத்துவிட்டார். மறுபடி சமம்.

மூன்றாம் வருஷம் ஒரு பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும் அதிகம். சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் கறுப்பு. இவருடைய பிஷப் ஓடுவதோ வெள்ளையில். எதிராளி ராஜா அந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கிருந்து கிளப்ப இவரிடம் ஆயுதம் இல்லை. நாற்பது தடவை சுற்றிச் சுற்றி வந்தார். சமம்.

அன்று திரும்பும் வண்டியில் வைத்துத்தான் மச்சான் பெயரைச் சூட்டினார். போட்டித் தாள்களில் மூன்று வருஷமும் இவர் பெயருக்கு எதிரே ஒரே மாதிரி, சமத்துக்கு உரிய அரைப் புள்ளி: '½'.

நாலாம் வருஷப் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது மச்சான் லேத்துப் பக்கம் வந்தார். மிஷின் நிற்கிற வரை காத்திருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மாப்ளே, சொந்தம் வேற, குழு வேற. இந்த வருஷமும் கடைசி ஆட்டத்துல நீ ஜெயிக்கலன்னா முதல் போர்டு பொருத்தும் பிரிவுக்காரனுக்கு. நீ நாலாவது போர்டு."

"மச்சான், மத்தியானத்துல அவரு எங்கிட்ட ஒரு நாளாவது ஜெயிச்சிருக்காரா?"

"மத்தியானத்துல நீ ராஜாதான். ஞாயித்துக்கிழமைதான் பிரச்சினை."

நாலாவது பலகை சுவரோரம், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் முழங்கை இடிக்கும்.

மறுநாள் உதிரிபாக அறையில் அவர் பலகையில் மூன்றே மூன்று காயை வைத்தார். "இதுல இருந்து ஆடலாமா?"

பொருத்தும் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார். "உனக்கு ராணி, எனக்கு ஒண்ணுமில்ல. எண்ணிட்டே உக்காரச் சொல்றியா? இதுக்கு நான் தூங்கிடுவேன்." ஒருவரும் சேரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் அன்று சாதா ஆட்டம் ஆடி, சங்குக்கு ஒரு விநாடி முன் ஒரு குதிரையை வெட்டி ஜெயித்தார். ஜெயித்தது கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. அப்படி அவருக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பள்ளியில் வாங்கிய அட்டைப் பலகையும் பிளாஸ்டிக் காய்களும் அலமாரி மேல் இருந்தன. தூசி தட்டி எண்ணியதில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று குறைந்தது. அவர் மனைவி தையல் கம்பெனியில் கடைசிப் பிரிவில் இருந்தாள்: பட்டன் தைப்பது, தொங்கும் நூலை வெட்டுவது, முடிச்சு சரியா என்று இழுத்துப் பார்ப்பது. அவள் டப்பாவிலிருந்து நாலு துளை உள்ள கோட்டுப் பட்டன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"நீயும் உக்காரு," என்றார்.

"எனக்கு அந்தக் குதிர கோணலாக் குதிக்கிறதெல்லாம் மண்டையில ஏறாது."

"இதுல குதிரையே இல்ல. ரெண்டு ராஜா, ஒரு சிப்பாய். சிப்பாய்க்கு உன் பட்டன்."

"அப்போ சரி. ஆளு கம்மியா இருந்தா வேலையும் கம்மி."

போட்டியில் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும். மூன்று வருஷத்துத் தாளையும் அவர் வைத்திருந்தார். எங்கே கோட்டைவிட்டாரோ அதற்கு நாலு நகர்வு முன்னால் காய்களை வைத்தார். தன் பக்கம் தானே உட்கார்ந்தார். தப்பிப் போனவர்களின் பக்கம் மனைவிக்கு. இப்படியாக ஒரு நாள் அவள் டயர் கம்பெனிக்காரர், ஒரு நாள் பாட்டில் கம்பெனிக்காரர். சாயங்காலம் ஆறு மணிக்குத் தேநீர் வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஏழு வரை. முப்பத்திரண்டு காய்களோடு ஒரு ஆட்டம் எப்படித் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஒரு நாள் அவர் எல்லாக் காயையும் அடுக்கிக் காட்டியபோது, "இவ்வளவு கூட்டத்துல எப்படிங்க நடக்கிறது?" என்று எழுந்து போய்விட்டாள்.

தப்பிக்கிற பக்கம் ஆடுகிறவளுக்குத் தப்பிக்கத்தான் தெரியும். பத்து நாளில் அவள் அதில் கை தேர்ந்தாள். பட்டனைத் தள்ளிக்கொண்டு இவர் வருவார். அவள் ராஜாவைப் பட்டனுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, நெருக்க நெருக்க நேர் பின்னால் ஒரு அடி இறங்குவாள். கோணலாக இறங்க மாட்டாள். இவர் ராஜா எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் அவளும் ஒதுங்கி, நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்பாள்.

"இத எங்க கத்துக்கிட்ட?"

"நம்ம மாடிப்படியிலதான். கீழ்வீட்டு அக்கா எதிர்ல வந்து நின்னாங்கன்னா யாராவது ஒருத்தர் ஒதுங்கித்தானே ஆகணும்? முதல்ல யாரு அசையறாங்களோ அவங்க ஒதுங்கணும். அவங்க அசையவே மாட்டாங்க. நான்தான் தினம் ஒதுங்குறேன்."

அவர் பலகையை மறுபடி பார்த்தார். விஷயம் அதேதான். இரண்டு ராஜாவும் எதிரெதிரே நிற்கும்போது, நகர வேண்டிய முறை யாருக்கோ அவருக்குத்தான் கேடு. அந்த முறையை எதிராளி தலையில் கட்ட வேண்டும். அதற்கு ராஜா பட்டனுக்கு முன்னால் போயிருக்க வேண்டும். 'ராஜா முன்னால, பட்டன் பின்னால' என்பது அந்த வீட்டில் பழமொழி ஆயிற்று. கடைக்குப் போகும்போது அவள் பையைக் கையில் கொடுத்து, "ராஜா முன்னால போங்க," என்பாள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அவர் கோட்டைவிட்டுக்கொண்டுதான் இருந்தார். தெரியாமல் செய்கிற தப்பு போய், தெரிந்தே செய்கிற தப்பு மிஞ்சியது. இரண்டு நகர்வு சரியாக வைப்பார். மூன்றாவதில் கை பட்டனைத் தள்ளிவிடும்.

ஒரு நாள் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது," என்றாள்.

"சொல்லு."

"ஜெயிக்கப் போற நேரத்துல நீங்க பலகையப் பாக்கிறதில்ல. காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. சங்குக்குக் காத்திருக்கீங்க."

அவர் மறுக்க வாயைத் திறந்தார். அடுப்புக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தின் மேல் தன் கண் இருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

அடுத்த நாள் லேத்தில் ஒரு தண்டைக் கடைந்துகொண்டிருந்தபோது இன்னொன்று புரிந்தது. முதல் வெட்டுகளை ஆழமாக, தடதடவென்று எடுப்பார். அதில் எல்லாருமே கெட்டிக்காரர்கள். கடைசி வெட்டுக்கு வரும்போது மிஷினை நிறுத்துவார், அளப்பார், கருவியைத் தீட்டுவார், மறுபடி அளப்பார். வெட்டினதை ஒட்ட முடியாது. மயிரிழை அதிகம் போனால் முழுத் தண்டும் குப்பை. பதினெட்டு வருஷத்தில் அவர் கையில் குப்பைக்குப் போன தண்டுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சிப்பாயும் அப்படித்தானே? எல்லாக் காயும் பின்னால் வரும், சிப்பாய் வராது. இதே கைதானா அங்கே போய்ப் பட்டனைத் தள்ளுகிறது என்று தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பக்கத்து லேத்துக்காரர், "என்ன முக்காக்கிணறு, கை ரேகையா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யோசித்து முடித்த பிறகே ஒரு கையை வெளியே எடுத்தார். மனைவி முதல் தடவையாகத் தோற்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு இது வரைக்கும்," என்று காய்களை வாரினாள்.

போட்டி நாள். கடைசி ஆட்டம் மறுபடி பாட்டில் கம்பெனியோடு. அவர்கள் முதல் பலகைக்கு ஒரு புது ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட, வாய் திறக்காத ஆள். நன்றாக ஆடினார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: கடைசல்காரர் தப்பு ஒன்றும் செய்யவில்லை, எதிராளி அவரைவிடச் சரியாக ஆடினார். இரண்டு மணி நேரத்தில் ஒரு சிப்பாய் போய்விட்டது. மச்சான் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பலகையைத் தலையால் எண்ணினார். இந்தப் பக்கம் ஒன்று கம்மி. உச்சுக்கொட்டிவிட்டுத் தேநீர் குடிக்க வெளியே போனார். திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் ஆட்டம் நடந்தது. எதிராளி யானைகளை மாற்றிக்கொண்டார். மிச்சச் சிப்பாய்களும் ஒன்றையொன்று தின்று தீர்ந்தன. கடைசியில் அவருக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும்; கடைசல்காரருக்கு ராஜா மட்டும். எதிராளியின் ராஜா சிப்பாய்க்கு முன்னால், ஒரு கட்டம் விட்டு, ஜம்மென்று நின்றது. இவர் ராஜா எதிரே, ஆனால் நேர் எதிரே இல்லை, ஒரு வரிசை தள்ளி. நகர வேண்டியது எதிராளி. ராஜாவை நகர்த்தினால் ஆட்டம் தீர்ந்தது. மூன்று மாதம் பாட்டில் கம்பெனிக்காரராக ஆடிய பெண்ணோடு உட்கார்ந்திருந்தவருக்கு அது பார்த்த உடனே தெரிந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

எதிராளி கை நீட்டி, சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

கடைசல்காரர் உடனே நகர்த்தவில்லை. முதலில் அளந்தார். பிறகு மறுபடி அளந்தார். சங்கு வராது, வரவும் தேவையில்லை. வந்தால் ஒன்றுக்கு சைபர் என்று தோல்வி. ராஜாவை நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். இப்போது மாடிப்படியில் ஒதுங்க வேண்டியது அந்தப் பக்கம். எதிராளி ராஜா ஒதுங்கியது. இவரும் அதே பக்கம் ஒதுங்கினார். சிப்பாய் வந்தது, இவர் அதன் முன்னால் நின்றார். மறுபடி வந்தது, நேர் பின்னால் ஒரு அடி இறங்கினார். கோணலாக அல்ல. இன்னும் ஒரு நெருக்கு, இன்னும் ஒரு ஒதுக்கம். கடைசியில் சிப்பாய் வாசற்படியில் நின்றது, இவர் ராஜா அதற்கு முன்னால் படல் கதவாக நின்றது. சிப்பாயை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எதிராளி ராஜாவை நெருக்கி வைத்தார். செக் இல்லை. நகர இடமும் இல்லை.

நடுவரை இந்தத் தடவை கடைசல்காரர் கூப்பிட்டார்.

கண்ணாடிக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கை தானாத் தள்ளிடுச்சு சார். எங்க கம்பெனியில மத்தியானம் அரை மணி நேரம்தான்."

"சங்கா?"

"மணி அடிப்பாங்க."

"அடிச்சதும் எண்ணுவீங்களோ?"

"எண்ணுவோம்."

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். தாளில் நாலாவது '½' ஏறியது.

திரும்பும் வண்டியில் மச்சான் அந்தத் தாளை மட்டும் பார்த்தார். "ஒரு சிப்பாய் கம்மியா இருந்துச்சு, பாத்தேன். தோக்காம வந்தியே, அது வரைக்கும் சரி. ஆனா ஜெயிக்கணும்னுதான பேச்சு? பேச்சு பேச்சுதான், மாப்ளே." கடைசல்காரர் தலையாட்டினார். பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் பலகையை விரித்தார். மூன்று காய்களை வைத்தார். "பட்டன் அவரோடது. அவர் நகர்த்தணும்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "நீங்க செத்தீங்க."

"அவரு பட்டனத் தள்ளிட்டாரு."

"அடப்பாவி மனுஷா." உட்கார்ந்து, கறுப்பு ராஜாவை நேர் எதிரே தானே வைத்தாள். "இப்படி வந்தீங்களா?"

"வந்தேன்."

"நேரா இறங்குனீங்களா?"

"நேராத்தான்."

அவள் ராஜாவை ஒவ்வொரு கட்டமாக இறக்கிப் பார்த்தாள். பிறகு, "என் ஆட்டத்த ஆடியிருக்கீங்க," என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று புரிந்த மூன்றாவது ஆள் அவள். மற்ற இருவரும் ஆடியவர்கள்.

மறுநாள் சாயங்காலம் மச்சான் நேரில் வந்தார். அடுத்த வருஷக் குழுப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன்னால் சொந்தக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வந்தவர். தேநீர் வந்தது. அதோடு பலகையும் வந்தது.

"அண்ணா, உங்களுக்குப் பட்டன். எனக்கு ராஜா மட்டும். நீங்க நகர்த்துங்க," என்றாள் தங்கை. பட்டன் தள்ளப்பட்டு, ராஜா நேர் எதிரே வந்து நின்ற பிறகு இருந்த நிலை அது.

"நீ எப்போ செஸ் கத்துக்கிட்ட?"

"கத்துக்கல. கடைசி மட்டும் தெரியும்."

மச்சான் சிரித்துக்கொண்டே ராஜாவை ஒதுக்கி, அடுத்ததில் பட்டனைத் தள்ளினார். ஏழு நகர்வில் ஆட்டம் சமம். சிரிப்பை வைத்துக்கொண்டே மறுபடி அடுக்கினார். மறுபடி சமம். மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை, தேநீர் ஆறிப்போயிருந்தது.

"இது ஜெயிக்க முடியாத ஆட்டம். நீ வேணும்னே அப்படி வச்சிருக்க."

"ஆமா." அவள் பட்டனை ஒரு கட்டம் பின்னால் இழுத்து, தன் ராஜாவை ஒரு வரிசை தள்ளி வைத்து, பலகையைத் திருப்பினாள். "இப்போ பட்டன் எனக்கு. இதுதான் நேத்து அந்த ஆளுகிட்ட இருந்தது. நீங்க இப்போ இவரு இடத்துல. மாப்பிள்ளையா இருந்து தப்பிச்சுக் காட்டுங்க."

அவள் முதலில் பட்டனைத் தொடவே இல்லை; ராஜாவை முன்னால் நடத்தினாள். மச்சானின் ராஜா ஒதுங்கியது, மறுபடி ஒதுங்கியது. பட்டன் பின்னாலேயே மெதுவாக வந்து ராணியானது. மூலைக்குப் போன அண்ணனை அசைய ஒரு கட்டம் விட்டு விட்டுக் கட்டி, கடைசியில் செக் வைத்தாள். டயர் கம்பெனிக்காரராகப் பல நாள் அந்த மூலையில் கிடந்தவளுக்கு அங்கே எது சாவு, எது தப்பு என்று நன்றாகத் தெரியும்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்," என்றார், தரையைப் பார்த்து. பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, "உன் பொண்டாட்டி நம்ம கம்பெனியில இல்லாமப் போனா. இருந்தா முதல் போர்டு யாருக்குன்னு பேச்சே வந்திருக்காது."

"இப்போ?"

"இப்போ என்ன, நீதான் உக்காரு. ஆனா பேரு மாறாது. பெயின்ட்ல எழுதுன மாதிரி ஊர் வாயில ஏறிடுச்சு."

பட்டியல் ஒட்டப்பட்டது, முதல் பலகைக்கு எதிரே கடைசல் பிரிவு. பொருத்தும் பிரிவுக்காரர் கேப்டனிடம் நியாயம் கேட்டுப் பார்த்தார். "மூணு காய் வச்சு அவன்கிட்ட ஆடு, தெரியும்," என்று பதில் வந்தது. அவரும் விடவில்லை, ஆடினார். அந்த வாரத்திலிருந்து உதிரிபாக அறையின் ஒரு மேஜையில் எண்ணுவது நின்றது. முடியாத ஆட்டத்தின் நிலையைப் பழைய வேலைச்சீட்டின் பின்புறம் எழுதிவைத்து மறுநாள் தொடர்ந்தார்கள். இன்னொரு மேஜையில் பழைய சட்டம் அப்படியே நடந்தது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. கடைசல்காரர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு ராஜாவுக்கும் ஒரு சிப்பாய்க்கும் நடுவே குனிந்திருந்தார். எதிரே பொருத்தும் பிரிவுக்காரரும் அதே மாதிரி குனிந்திருந்தார். தோளில் ஒரு கை விழுந்ததும் நிமிர்ந்தார்கள். சூப்பர்வைசர். அறையில் வேறு யாரும் இல்லை. மணி ஒன்று பன்னிரண்டு. ஜன்னல் பக்கம் நாலாவது லேத் ஓடாமல் நிற்பதைப் பார்த்துத் தேடி வந்திருந்தார்.

இருவருக்கும் மெமோ கொடுக்கப்பட்டது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கடைசல்காரர் உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'சங்கு கேட்கவில்லை.'

அலுவலகம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, மூன்று தடவை ஊதிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.